உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது?

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

பத்திர எழுத்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டார். 2024 அக்டோபர் மாதம், காலை பத்தரை மணி. சூளகிரியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு சின்னக் கடை. ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஓயாமல் சத்தம் போடும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். வாசலில் நின்ற சின்ன யானை வண்டியில் கொத்தமல்லிக் கட்டுகளை ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தச் சோகத்துக்கும் பின்னணியில் கொத்தமல்லி வாசம் இருக்கும், தப்பிக்க முடியாது.

"முன்னாள் மனைவி" என்றேன்.

அவர் டைப் அடிப்பதை நிறுத்தினார். "டைவர்ஸ் ஆர்டர் வந்திருச்சாங்க மேடம்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அடடா. அப்போ இது ஃபேமிலியில வராதுங்களே. ஏழு பர்சென்ட் வரும்."

இந்தப் பதிவு அந்த "அடடா"வைப் பற்றியது. என் கல்யாணம் ஏன் முறிந்தது என்று எழுதப் போவதில்லை. அது அவருடைய கதையும்தான், அவரைக் கேட்காமல் எழுதுவது நியாயமில்லை. வீட்டுப் பத்திரத்திலிருந்து ஒரு பெயரை எடுக்க என்ன பாடு பட்டேன் என்பது மட்டும் என் கதை. என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களில் மூன்று பேர் இதே விஷயத்தைத் தனித்தனியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டுவிட்டார்கள். நாலாவது ஆளுக்கும் பஸ் சத்தத்தில் கத்துவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. "பெயர் நீக்கம்" என்று நாமெல்லாம் சொல்கிறோம். அப்படி ஒரு பத்திரமே கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் நீக்கலாம், வாக்காளர் பட்டியலில் நீக்கலாம். கிரயப் பத்திரத்தில் இரண்டு பேர் வாங்கியதாகப் பதிவாகிவிட்டால் அந்தப் பத்திரம் அப்படியேதான் இருக்கும். ஒருவர் தன் பாகத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததாகப் புதிதாக ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். ஆனேக்கல் பக்கம் இருக்கும் அவருடைய அத்தை இதை "ஹக்கு பிடுகடே" என்பார். கன்னடம் தெரியாதவர்களுக்கும் புரியும், உரிமையை விடுவது. விட வேண்டியவர் அவர். நான் நீக்க முடியாது.

இது புரியவே எனக்கு ஆறேழு மாதம் ஆனது.

இந்தப் பெல்ட்டில் ஏன் இத்தனை வீடுகள் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அன்பு ஒரு காரணம் என்றால் லோன் ஒன்பது காரணம். ஒசூர் சிப்காட்டில் ஒருவர் சம்பளத்தை மட்டும் காட்டினால் வங்கிக்காரர் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு பேர் சம்பளச் சீட்டையும் சேர்த்து வைத்தால் முகம் மலரும். சொத்தில் பங்கு உள்ள எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வங்கிகளின் பொதுவான வழக்கம். நாங்கள் 2013இல் சைட் வாங்கினோம். பெங்களூர்க் கணக்கில் முப்பதுக்கு நாற்பது, எங்கள் ஊரில் யாரும் சென்ட் கணக்குச் சொல்வதில்லை. 2016இல் லோன் போட்டு வீடு கட்டினோம். பத்திரத்தில் இருவர் பெயர், பட்டாவில் இருவர் பெயர், லோனில் இருவர் பெயர். ஈபி கார்டு மட்டும் அவர் பெயரில், ஏனென்றால் அன்றைக்கு எனக்கு ஷிஃப்ட்.

2019இல் பிரிந்தோம். அவர் அத்திப்பள்ளிக்குப் போய்விட்டார், நான் வீட்டில் இருந்தேன். தவணை என் கணக்கிலிருந்து போனது. 2022 ஆகஸ்டில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து உத்தரவு வந்தது. வீடு எனக்கு, பதிலுக்கு அவருக்கு 5 லட்சம் என்று வாய்ப்பேச்சாகவே முடித்துக்கொண்டோம். சண்டை இல்லை. சண்டை இல்லாததுதான் பிரச்சினையானது என்று பிற்பாடு வக்கீல் மேடம் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருப்பீர்கள் என்றார்.

உத்தரவில் என்ன இருந்தது தெரியுமா? இனி ஒருவர் மீது ஒருவர் எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு வீடு எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தவள் நான். கிராம நிர்வாக அலுவலரிடம் உத்தரவின் நகலை நீட்டினேன், பட்டாவில் அவர் பெயரை எடுங்கள் என்று. அவர் பொறுமையாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சர்வே நம்பரே இல்லையேம்மா" என்றார். இல்லைதான். என் கல்யாணத்தை ரத்து செய்த தாளில் என் வீடு எங்கேயுமே இல்லை.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

பெரியப்பா பையன் சொன்னது ரத்துப் பத்திரம். "பழைய பத்திரத்தை கேன்சல் பண்ணிட்டு உன் பேர்ல மட்டும் போட்டுக்கோ." ஒருவர் மட்டும் போய் ஒரு கிரயத்தை ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011லேயே சொல்லிவிட்டது. அதையும் மீறி ஒரு காலத்தில் அப்படிப் பதிவானவை கோர்ட்டில் நின்று பல்லிளித்திருக்கின்றன. வேண்டாம்.

பஸ்ஸில் ஒரு அக்கா சொன்னது இன்னும் பயங்கரம். "விடு, நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா தானா உனக்கு வந்துடப் போகுது." வராது. கூட்டாக வாங்கிய சொத்தில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழுதும் போகும் என்பது வெளிநாட்டுப் படம் பார்த்து வந்த நினைப்பு. நம்மிடம் பத்திரத்தில் வேறு விதமாக எழுதாதவரை ஆளுக்குப் பாதி தனித்தனிப் பங்கு. அவருடைய பங்கு, அவர் உயில் எழுதாவிட்டால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய அம்மாவுக்கும், பிள்ளைகளுக்கும், அவர் மறுமணம் செய்திருந்தால் அந்த மனைவிக்கும் போகும். விவாகரத்தானவள் அந்த வரிசையில் இல்லை. இன்றைக்கு ஒரு ஆளிடம் வாங்க வேண்டிய கையெழுத்தை அன்றைக்கு நாலு பேரிடம் வாங்க வேண்டும், அதில் ஒருவர் மைனராக இருந்தால் கோர்ட் அனுமதி வேறு. அக்கா சொன்னதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் பைக்கில் ஹைவேயில் போகிறவர். முதல் முறையாக அவர் ஹெல்மெட் போடுகிறாரா என்று கவலைப்பட்டேன்.

மூன்றாவது பேச்சு என் அம்மாவுடையது. "தவணை பூரா நீதானே கட்டினே? அப்ப வீடு உனக்குத்தானே?" அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது, சட்டத்தில் அந்த நியாயத்துக்கு நேரான கதவு இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்து. பணம் யார் போட்டது என்பதைத் தனியாக வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புக் கொடுத்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார். வீட்டு வேலையும் சம்பாத்தியம்தான் என்பதை ஒரு தீர்ப்பில் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த அம்மா அந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை கோர்ட் ஏற வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விலகல். யாழ்ப்பாணத் தமிழர்களுக்குத் தேசவழமை என்று ஒரு சட்டம் உண்டு. டச்சுக்காரர்கள் 1707 வாக்கில் ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதி வைத்தது, இன்றும் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. அதில் சீதனம், முதுசொம் என்பவற்றோடு மூன்றாவதாக ஒரு வகைச் சொத்து: தேடியதேட்டம். கல்யாணமான பிறகு இருவரும் தேடியது. அதில் இருவருக்கும் சரிபாதி. எவ்வளவு அழகான சொல் பாருங்கள். உடனே புல்லரித்துவிட வேண்டாம், அதே தேசவழமையில் கல்யாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் புருஷனின் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும். இருந்தாலும் எங்கள் சூளகிரி வீட்டுக்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டால், கூட்டுச் சொத்து என்பதைவிடத் தேடியதேட்டம் என்றே சொல்வேன். நைட் ஷிஃப்ட் போட்டுத் தேடியது.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் லோன்.

பத்திரத்தில் பெயர் மாறினால் லோனிலும் மாறிவிடும் என்றோ, லோனில் மாறினால் பத்திரத்திலும் மாறிவிடும் என்றோ நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. மூலப் பத்திரம் வங்கியிடம் இருக்கும்வரை வங்கியின் சம்மதம் இல்லாமல் விடுதலைப் பத்திரம் போடுவது வம்பு. நான் வங்கியில் போய் அவரைக் கடனிலிருந்து விடுவியுங்கள் என்றபோது, என் ஒருத்தி சம்பளத்துக்கு மீதிக் கடனைத் தர முடியாது என்றார்கள். அதே தவணையை மூன்று வருடமாக என் ஒருத்தி சம்பளத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தேன் என்று பாஸ்புக்கை விரித்துக் காட்டினேன். அதற்கெல்லாம் அவர்களுடைய கணினியில் இடம் இல்லை. கடைசியில் பிஎஃப் அட்வான்ஸ், இரண்டு வளையல், தம்பி கொடுத்த கைமாற்று எல்லாம் சேர்த்து 2024 ஜனவரியில் கடனை அடைத்தேன்.

கடன் முடிந்தால் 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கடனாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. எனக்கு 38ஆம் நாளும் பத்திரம் வரவில்லை. அந்த விதியை அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். 40ஆம் நாள் பத்திரம் வந்தது. 5,000 கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் களைத்துப் போயிருந்தேன். நீங்கள் களைக்காதீர்கள், கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பத்திரம் கைக்கு வந்ததோடு முடியாது. அடமானம் வைத்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவு நடந்திருக்கும், அது வில்லங்கச் சான்றில் உட்கார்ந்திருக்கும். கடன் தீர்ந்ததற்கு வங்கியை வைத்து ரசீதுப் பத்திரம் பதிவு செய்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஏழு பர்சென்ட் என்கிறார்.

கணக்கு இதுதான். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் விடப்படும் பங்கின் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. 2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்பு 25,000ஆக இருந்தது. குடும்பத்துக்கு வெளியே என்றால் 7 சதவீதம், உச்சவரம்பே கிடையாது. பதிவுக் கட்டணம் இரண்டிலும் தனி. வழிகாட்டி மதிப்புப்படி எங்கள் மனையும் கட்டடமும் சேர்ந்து 24 லட்சம் வந்தது. அவர் பங்கு 12 லட்சம். மனைவியாக இருந்தால் 12,000 ரூபாய். முன்னாள் மனைவிக்கு 84,000.

குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று போகும். பன்னிரண்டு வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டிருந்தாலும் உத்தரவு வந்த மறுநாள் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. இதில் அலுவலகத்தில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் விதியைப் படித்தார்கள். விதிமேல்தான் எனக்குக் கோபம். விவாகரத்தில் ஒரு வீட்டைப் பிரிப்பது வியாபாரம் இல்லை, இருந்த குடும்பத்தின் கடைசிக் கணக்கு. இங்கிலாந்தில் விவாகரத்தையொட்டிக் கணவன் மனைவிக்குள் வீட்டை மாற்றிக்கொண்டால் முத்திரை வரியே கிடையாது. நாம் மட்டும் பிரிந்த மறுநாளே அவரை மூன்றாம் மனிதராக்கி, மூன்றாம் மனிதருக்கான வரியை வாங்குகிறோம்.

எழுத்தர் நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஆர்டருக்கு முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்று இழுத்தார். வக்கீல் மேடத்திடம் அன்று சாயங்காலமே போனில் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் மூன்று தோழிகளுக்கும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

பரஸ்பர விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது முறை கோர்ட்டில் நிற்பதற்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி விடுவார்கள். சில வழக்குகளில் அதைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்த ஆறு மாதமும் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான். அப்போது விடுதலைப் பத்திரம் போட்டால் 1 சதவீதம். விடுகிறவருக்கு ஒரு பயம் இருக்கும். இரண்டாவது முறை கோர்ட்டில் நிற்கும்வரை சம்மதத்தை வாபஸ் வாங்க யாருக்கும் உரிமை உண்டு. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு எதிராளி மாட்டேன் என்றால்? அதனால் பேசிய பணத்தைப் பதிவு அன்றே டிடியாகக் கொடுத்து, டிடி நம்பரைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். விடுகிறவரின் பயம் தீர்ந்தால்தான் அவர் பஸ் ஏறி வருவார்.

அப்படிப் போட முடியவில்லை என்றால் இரண்டாவது வழி, கூட்டு மனுவிலேயே வீட்டைக் கொண்டுவருவது. "உரிமை கோர மாட்டோம்" என்ற என்னுடைய அநாதை வரி போதாது. சர்வே நம்பர், மனை எண், நான்கு எல்லை, பத்திர எண், ஆண்டு எல்லாம் அட்டவணையாக மனுவில் இருக்க வேண்டும். வீடு இன்னாருக்கு, இன்னார் தன் பாதியை விட்டுக்கொடுக்கிறார் என்று உத்தரவிலும் வர வேண்டும். பதிவுச் சட்டம் 1908இல் 17ஆம் பிரிவின் 2ஆவது உட்பிரிவில் ஒரு விலக்கு உண்டு. கோர்ட்டில் சமரசமாகி வந்த உத்தரவைக் கட்டாயம் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அந்தச் சொத்து வழக்கின் பொருளாகவே இருந்திருக்க வேண்டும், வழக்குக்கு வெளியே இருந்த சொத்தை நடுவில் நுழைத்தால் விலக்கு இல்லை. 2025இல் உச்ச நீதிமன்றம் மும்பை ஃபிளாட் ஒன்றில் இந்த விலக்கைக் கொடுத்தது. இருவர் பெயரில் வாங்கிய ஃபிளாட், விவாகரத்துச் சமரசத்தில் கணவர் தன் உரிமையை விட்டார், முத்திரைத் தீர்வை கேட்காமல் மனைவி பெயருக்கு மாற்றுங்கள் என்று உத்தரவு. நான் 84,000 கட்டிச் சில மாதம் கழித்து அந்தச் செய்தியைப் படித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

உத்தரவில் எழுதி வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பத்திரம் எழுதித் தருகிறேன் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டவர் பிறகு போனையே எடுக்கவில்லை என்றால், நிறைவேற்று மனுப் போடலாம். கோர்ட்டே அவர் சார்பில் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும். அப்படி எழுத்து எதுவுமே இல்லாமல், எதிராளியும் வர மாட்டேன் என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். முப்பதுக்கு நாற்பதில் கட்டிய வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. விற்றுப் பங்கிடச் சொல்லலாம், அல்லது மற்றவர் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ள வழி உண்டு. வருடங்கள் ஓடும். என் அதிர்ஷ்டம், அவர் வருகிறேன் என்றார்.

அவர் பவர் கொடுத்து அனுப்பவா என்றுதான் முதலில் கேட்டார். அத்திப்பள்ளியில் குடியிருப்பவர் இங்கே பதிவுக்குத் தனக்குப் பதில் ஆள் அனுப்ப வேண்டுமானால், அவர் குடியிருக்கும் பக்கத்துப் பதிவு அலுவலகத்தில் அந்தப் பவரை உறுதிசெய்து வாங்க வேண்டும். அதற்கும் ஒரு நாள் லீவு போகும். அதற்கு இங்கேயே ஒரு நாள் வந்துவிடலாம் என்று முடிவானது.

பதிவு நாள் ஒரு வியாழக்கிழமை. தம்பியும் அவனுடைய நண்பனும் சாட்சி. அவர் பைக்கில் வந்தார், ஹெல்மெட் போட்டிருந்தார். ஐந்து வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றார். "நீ" என்றே கூப்பிட்ட வாய். நானும் "நல்லா இருக்கேங்க" என்றேன். அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. தம்பிதான் காப்பாற்றினான். "மாமா, டீ சாப்பிடறீங்களா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதிலிருந்து கூப்பிடுகிறான், அதற்கு ஒரு விடுதலைப் பத்திரம் யார் எழுதுவது?

உள்ளே டோக்கன் எண் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். எனக்குக் கைரேகை ஒரே தடவையில் விழுந்தது. அவருக்கு விழவில்லை. வலது பெருவிரல், இல்லை. இடது, இல்லை. அவர் பதினைந்து வருடமாக மெஷின் ஷாப்பில் இருப்பவர், கூலண்ட் ஆயிலிலும் இரும்புத் துகளிலும் ஊறி ரேகை தேய்ந்து போயிருந்தது. பெருவிரலைச் சட்டையில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்தார், மறுபடி வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "ஈரத் துணி இருந்தா நல்லா வரும்" என்று ஊழியர் சொன்னார். என் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து நீட்டினேன். துடைத்துவிட்டு வைத்தார். நாலாவது தடவையில் விழுந்தது. கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் கிரீஸ் கறை.

சார்பதிவாளர் இருவரையும் பார்த்து, சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா, பணம் வந்துவிட்டதா என்று அவரைக் கேட்டார். வந்துவிட்டது என்றார். ஐந்து நிமிடம் இருக்கும். கல்யாணத்துக்கு மூன்று நாள், விவாகரத்துக்கு மூன்று வருடம், இதற்கு ஐந்து நிமிடம்.

வெளியே வந்ததும், "தண்ணி டேங்க் லீக் ஆகுதுன்னு சொன்னியே, சரி பண்ணிட்டியா?" என்றார். 2018இல் சொன்னது. சரி பண்ணிவிட்டேன் என்றேன். கிளம்பிவிட்டார், செகண்ட் ஷிஃப்டுக்குப் போக வேண்டுமாம்.

பட்டா மாறுதல் அதற்குப் பிறகு பெரிய சிரமமில்லை. நிலத்தை உடைத்துப் புது எண் கொடுக்கும் வேலை இல்லாததால் சர்வேயர் வர வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் என் பெயர் மட்டும் உள்ள பட்டாவை ஆன்லைனில் இறக்கிக்கொண்டேன். வீட்டு வரி ரசீதுக்கு ஊராட்சி அலுவலகத்தில் பத்திர நகலும் பட்டா நகலும் கொடுத்தேன், மாற்றிக் கொடுத்தார்கள். போன மாதம் ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். 2013 கிரயத்தில் வாங்குபவர்கள் என்று எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. அடுத்து அடமானம், ரசீது, கடைசியில் விடுதலை. முப்பது வருடம் கழித்து யார் போட்டுப் பார்த்தாலும் அதே வரிசையில்தான் வரும். அவர் பெயர் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ இனி அவர் கையெழுத்து வேண்டாம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கூட்டு மனுவில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் யாராவது இதைப் படித்தால், போடுவதற்கு முன்னால் உங்கள் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொத்து விவரத்தை ஜெராக்ஸ் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். இரண்டு ரூபாய் ஆகும். எனக்குக் கூடுதலாக 72,000 ஆனது.

ஈபி கார்டு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கரண்ட் பில் வந்தால் அவர் போனுக்குத்தான் மெசேஜ் போகிறது, அவர் எனக்கு அனுப்பிவிடுகிறார். வருகிற திங்கட்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட், காலையில் போய் மாற்றிவிட வேண்டும்.